ஊளைச் சுரம்

பெனிட்டாவுக்கு நடந்தது அநியாயம். யார் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அநியாயம்தான். இசைத்துறையின் ஆண்டு விழாவில், நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நிற்குமளவு நிரம்பிய அரங்கில், வயலினின் பெரிய அண்ணனான செலோவுக்குப் பேராசிரியர் ஞானவரதன் எழுதிய தனியிசையை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் வருகிற நீண்ட எஃப் சுரத்தில் வாத்தியம் ஊளையிட்டது. பிசிறு இல்லை, அபசுரம் இல்லை, ஊளை. தொண்டைக்குள் எலும்பு சிக்கிய நாய் மாதிரி விட்டு விட்டு உறுமிக்கொண்டு. வாசித்து முடித்து அவள் எழுந்து நிற்கும்போதே அவர் மேடையேறி மைக்கை வாங்கி, சிரித்த முகத்தோடு, "செலோ பெரிய மிருகம். பொண்ணுங்க கையில கொடுத்தா, யாரு இங்க எஜமான்னு அது கேக்கத்தான் செய்யும்" என்றார். அரங்கம் சிரித்தது. அடுத்த வாரம் அதே இசையைப் பதிவு செய்தபோது அவள் இடத்தில் ரோஹித்தை உட்காரவைத்தார். சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கிவந்த ரோஹித்தின் புதுச் செலோ ஊளையிடவில்லை. ஆகவே தப்பு பெனிட்டாவுடையது என்று தீர்ப்பாகிவிட்டது, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள், துறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கமித்ராவுக்கு மட்டும் அந்தச் சத்தம் போகவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த இந்த மதியத்தில், பயிற்சி அறையின் மின்விசிறிக்குக் கீழே, பென்சிலைக் கடித்தபடி அவள் உட்கார்ந்திருக்க, விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் முனகியது, அந்த முனகல் எஃப். மித்ரா பென்சிலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். எதிரில் இருந்தது அவளுடைய இறுதியாண்டுப் படைப்பு, தனிச் செலோவுக்கு. அதை பெனிட்டா வாசிக்க வேண்டும், வேறு யாரும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை தேர்வு. தேர்வுக்கும் வராவிட்டால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். வீட்டில் பி.எட். சேர்க்கிற பேச்சு நடக்கிறது என்று விடுதியில் சொன்னார்கள். பி.எட். நல்ல படிப்புதான், யார் இல்லையென்றார்கள், ஆனால் பயந்து போய்ச் சேர்கிற படிப்பு எப்படி நல்ல படிப்பாகும் என்று மித்ரா எதிரே இல்லாத யாரிடமோ கேட்டாள்.

எதிரே இல்லாத யாரிடமோ என்ன, ஞானவரதனிடம்தான். இருபத்து நான்கு மணி நேரமும் அவர் அவள் தலைக்குள்தான் குடியிருக்கிறார், வாடகை இல்லாமல். பல் துலக்கும்போது அவரை மடக்குகிறாள், பேருந்தில் மடக்குகிறாள், கனவில் ஒருமுறை மடக்கியே விட்டாள், என்ன சொல்லி மடக்கினோம் என்பது விழித்ததும் மறந்துபோயிற்று. திருச்சியில், சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை அப்பாவோடு வாதாடி வளர்ந்தவள் அவள். கல்லூரிப் பட்டிமன்றங்களில் தோற்றதே குறைவு. இந்த மனிதரிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தோற்கிறாள். விழாவுக்கு மறுநாள் அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டாளே, அன்றைக்கும் அதே இடம். சார், அது வாசிக்கிறவங்க தப்பே கிடையாது, எல்லா செலோவுக்குள்ளயும் மரப்பெட்டிக்குன்னு சொந்தமா ஒரு அதிர்வு இருக்கு, தந்தியோட சுரமும் அதுவும் ஒண்ணாகிற இடத்துல ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடுங்கிக்கும், தந்தி நிக்க முடியாம திணறும், ஊளை வரும், உலகம் பூரா இதுக்கு ஓநாய்ச் சுரம்னுதான் பேரு, துறை செலோவுல அது எஃப்ல இருக்கு, நீங்க அந்த எஃப்பையே, அதுவும் இரண்டாவது தந்தியில சுலபமா கிடைக்கிறதை விட்டுட்டு, இருட்டா கேக்கணும்னு மூணாவது தந்தியில கழுத்து மேல ஏறி வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க, ஊளை எங்க ஜாஸ்தியோ சரியா அங்க. மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். எல்லாம் சரிம்மா, ஒத்திகையில வரலையே? அவ்வளவுதான். ஒத்திகையில் வரவில்லை. அதே செலோ, அதே எஃப், அதே தந்தி, அதே பெனிட்டா. மாதம் முழுக்க அந்த எஃப் எண்ணெய் மாதிரி வழிந்தது, மேடையில் மட்டும் நாயாகிவிட்டது. அப்படியென்றால் பயம்தானே என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. நீ என்ன அவளுக்கு வக்கீலா என்று மட்டும் கேட்டுவிட்டு விசிறியை நிறுத்தினார், அறையை விட்டுப் போ என்பதற்கு அவருடைய மரியாதையான வழி அது. விசிறி நிற்கும்போது முனகியது. அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாமே முனகுகிறது. விடுதிக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வரும், எஃப். எழும்பூர் பக்கம் மின்ரயில் வளைவில் திரும்பும்போது சக்கரம் தேயும், எஃப். சமையலறைக் குக்கர் விசிலடிப்பதற்கு முன் ஒரு நொடி தயங்குகிறதே, அந்தத் தயக்கம். நேற்று வகுப்பில் பெயர் சொல்லி அழைத்ததற்கு எழுந்து பதில் சொல்லப் போனவள், தன் வாயிலிருந்தே அது வந்துவிடுமோ என்று பயந்து, இருமி உட்கார்ந்துவிட்டாள்.

பெனிட்டா அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாள். முதல் வருடம், இதே அறை, இதே மூலை, துறையின் பழுப்புச் செலோ உறையோடு சாய்ந்திருக்க, உள்ள ஒரு நாய் கெடக்குட்டி, பேரு டைகர், சும்மா கெடந்தா கெடக்கும், எஃப்பைத் தொட்டா முழிச்சிரும் என்றாள். எங்க ஊர்ல சர்ச் வாசல்ல இதே மாதிரி ஒண்ணு கெடக்கும், ஃபாதரைக் கண்டா மட்டும் உறுமும். கையில் வில், தலைமுடியைக் கிளிப்பில் அள்ளிச் சொருகி, பழைய ஜீன்ஸ், அண்ணனுடைய சட்டை. மித்ரா எழுதிக் கொண்டுபோகிற வரிகளைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்புக்கே தனியாக ஒரு தேர்வு வைக்கலாம். ஏட்டி, இம்புட்டு நீளத்துக்கு ஒரே இழுப்பா? உன் வில்லு என்ன தாம்பரத்துல தொடங்கி பீச் ஸ்டேஷன்ல முடியுதா? இந்த ரெண்டு சுரமும் ஒரே தந்தியில இருக்கு, சேர்த்து எப்படி வாசிக்க, ஒரு கம்பியில ரெண்டு இடத்துல எப்படி அழுத்துனாலும் ஒண்ணுதான கேக்கும்? மித்ரா வயலின்காரி, கணினியில் எழுதுகிறவள். கணினி எதை எழுதினாலும் வாசித்துவிடுகிறது, எவ்வளவு நேரம் இழுக்கச் சொன்னாலும் இழுக்கிறது, அதற்குக் கை வலிக்காது, வில் தீராது. பெனிட்டா சொல்லச் சொல்ல அழித்து அழித்துத்தான் மித்ரா செலோவுக்கு எழுதப் பழகினாள். சண்டை போட்டுக்கொண்டேதான். எஃப் வரும்போதெல்லாம் டைகர் தூங்குறானா என்று மித்ரா கேட்பாள், அவள் வில்லை நிறுத்தாமல் இடது முட்டியை லேசாக ஆட்டிக்காட்டி, தூங்குறான் என்று கண்ணாலேயே சொல்வாள். அந்த முட்டியின் உள்பக்கம் எப்போதும் ஒரு கன்றல், ரூபாய் நாணயம் அளவுக்கு, வண்டியில் இடித்துக்கொண்டாளா என்று கேட்டதற்கு, டைகர் கடிச்சிட்டான் என்றாள். சிரித்தார்கள். இப்போது அந்தக் கன்றல் எதற்காக ஞாபகம் வருகிறது, எழுதுகிற வேலையை விட்டுவிட்டு. போன வாரம் இந்தப் படைப்பை முழுதாக முடித்து அவளுக்கு அனுப்பினாளே. உனக்காக எழுதியது, வந்து வாசி என்றுதானே எழுதினாள். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள், நீலம், பதில் இல்லை. கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. எழுதியதில் என்ன குறை? எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினாள். எல்லா இடத்திலும் ஈயிலிருந்து நேராக ஜீக்குத் தாவிவிடுகிறாள், நடுவிலிருக்கிற எஃப் தாளிலேயே கிடையாது. பெனிட்டா பயப்பட வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லாமல், ஒரு தாய் குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் வாசித்துப் பார்த்தால் அந்தத் தாவல் ஒவ்வொரு முறையும் எதையோ தாண்டுவது போலிருக்கிறது. யாரோ விழுந்து செத்த இடத்தை வீட்டுக்காரர்கள் மிதிக்காமல் சுற்றிப் போவார்களே, அப்படி. மெட்டு நன்றாக நடந்துவந்து அங்கே வந்ததும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறது. தாண்டத் தாண்ட அந்த இடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். மூலையில் செலோ. விழாவுக்குப் பிறகு அதை யாரும் உறையிலிருந்து எடுக்கவில்லை. ஜிப்பை இழுத்ததும் மரவாசனையும், வில்லுக்குத் தேய்க்கிற குங்கிலியத்தின் வாசனையும், அதற்கடியில் பெனிட்டாவின் தேங்காய் எண்ணெயும் வந்தன. மித்ராவுக்கு ஒரு கணம் உறைக்குள் ஆள் இருப்பது போலிருந்தது. கழுத்தைப் பிடித்து வெளியே எடுத்தபோது கைபட்டுத் தந்திகள் நான்கும் மெல்ல முணுமுணுத்தன. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அடிமுள்ளைத் தரையில் ஊன்றி, வாத்தியத்தை நெஞ்சில் சாய்த்தாள். வயலினை மோவாயில் பிடித்துப் பழகியவளுக்கு இது ஆளைத் தூக்கி மடியில் வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது தந்தி, விரலை மேலே ஏற்றிக்கொண்டே போய், காதால் தேடி, ஈ, இன்னும் கொஞ்சம், எஃப். வில்லை வைத்து இழுத்தாள். வந்துவிட்டது. அரங்கில் வந்த அதே ஊளை, அவளுடைய மார்பெலும்புக்கு எதிரிலேயே, பெட்டிக்குள்ளிருந்து யாரோ முதுகைக் கொடுத்து முட்டுகிற மாதிரி விட்டு விட்டு விட்டு. வில்லைத் தூக்கிவிட்டாள். சத்தம் நின்றபிறகும் விலா எலும்பில் அது இருந்தது. கதவைப் பார்த்தாள், யாருமில்லை, வெளியே மரத்தில் ஓர் அணில் மட்டும். சரி, நாய்தானே, பார்த்துவிடலாம் என்று மறுபடி இழுத்தாள், மறுபடி ஊளை, வேகமாக, மெதுவாக, எப்படி இழுத்தாலும். வியர்த்தது, வாத்தியம் வழுக்கி இடப்பக்கம் சரிந்தது, விழுந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் இரண்டு முழங்கால்களையும் அகட்டி இழுத்து அதன் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள், வில் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது, ஊளை நின்றது. நின்றேவிட்டது. எஃப் மட்டும் கேட்டது, சுத்தமாக, கறுப்பாக, எண்ணெய் மாதிரி. மித்ரா வில்லை எடுக்கவில்லை. இடது முழங்காலை மரத்திலிருந்து மெல்ல விலக்கினாள். நாய் எழுந்தது. சேர்த்து அழுத்தினாள். படுத்தது. விலக்கினாள், எழுந்தது. சேர்த்தாள். முட்டியின் உள்பக்கம், மரத்தின் விளிம்பு பதிகிற இடத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு வலித்தது. டைகர் கடிச்சிட்டான். முட்டியை ஆட்டிக்காட்டி, தூங்குறான். எத்தனை முறை கண்ணெதிரே காட்டியிருக்கிறாள், நான் எங்கே பார்த்தேன், தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை ஏன் ஊளையிட்டது என்று தன் கால்களைப் பார்த்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் தொடை விரித்து உட்கார்ந்தால் ஜன்னலோடு ஒட்டி ஒடுங்கிக்கொள்கிற அதே கால்கள், அவள் சொல்லாமலே, ஆளே இல்லாத அறையிலும் ஒடுங்கி, வாத்தியத்தை இருபுறமும் அணைக்காமல் ஓரமாய்த் தாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. அப்புறம்தான் சேலை ஞாபகம் வந்தது.

விழாவுக்குப் பெண்கள் பட்டுச்சேலை, ஆண்கள் விருப்பப்படி என்று அறிவித்தது ஞானவரதன். ஆண்கள் விருப்பப்படி. பெனிட்டாவின் அம்மாவுடைய மரக்கலர்ப் பட்டு, அட்டை மாதிரி விறைத்த சேலை. மேடைக்குப் பின்னால் மண்டியிட்டு, வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, கொசுவம் மடித்துச் சொருகிவிட்டது மித்ராவேதான். இத்தனை மடிப்பையும் வச்சிக்கிட்டு இதை எங்கட்டி நிறுத்த என்று அவள் கேட்டாள், ஒரு நாள்தானே என்று மித்ரா சொன்னாள். திரை விலகுவதற்கு முன்னால் அவர் வந்தார், உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார்த்தார், தாழ்ந்த குரலில், அப்பா மாதிரி, "காலைக் கொஞ்சம் ஒடுக்கி உக்காரும்மா. முன்வரிசையில பெரியவங்கல்லாம் இருக்காங்க" என்றார். பெனிட்டா ஒடுக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. முழங்காலுக்கும் மரத்துக்கும் நடுவில் பட்டு மடிப்பும் பெரியவர்களின் மரியாதையும் நின்றன, நாய் எழுந்துகொண்டது, பிறகு அவரே மைக்கை வாங்கி எஜமான் யார் என்று கேட்டார். ஒத்திகையில் ஏன் வரவில்லை என்றால் ஒத்திகையில் அவள் ஜீன்ஸ் போட்டிருந்தாள் சார், ஒத்திகையில் நீங்கள் அவள் காலைப் பார்க்கவில்லை சார். கிடைத்துவிட்டது. இத்தனை நாள் தோற்ற இடத்துக்கு விடை கிடைத்துவிட்டது. மித்ரா செலோவைச் சாய்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கதவுவரை போய்விட்டாள், மாடியில்தான் அவர் அறை, இந்நேரம் இருப்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. கதவுப் பிடியில் கை நின்றது. போய் என்ன சொல்வது? சார், பெனிட்டாவோட கால். சார், பெனிட்டாவோட தொடை. அவர் துறைக்கூட்டத்தில் வைப்பார். பெனிட்டா எப்படி உட்கார்ந்தாள், எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும், எவ்வளவு அகலம் என்று ஐந்து ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு முகத்தை வைத்துக்கொண்டு, விவாதிப்பார்கள். அவளுக்குத் தெரியாதா? முதல் ஊளையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும் எங்கே விட்டுப்போயிற்று என்று. மேடையில் முழு எஃப்பும் காலை விரிப்பதா வேண்டாமா, விரிப்பதா வேண்டாமா என்றே போயிருக்கும். தெரிந்துதான் வாயைத் திறக்காமல் ரயில் ஏறினாள். நீ வாதாடாதட்டி என்று ஸ்டேஷனில் சொன்னாளே, அதைக் கோழைத்தனம் என்று நினைத்து மித்ரா பாதி வழி கோபத்தோடு திரும்பினாளே. வாதத்தில் ஜெயித்தாலும் அவள் முழங்கால்தான் மேசைமேல் வைக்கப்படும். அப்புறம், கதவுப் பிடியை விடாமலே, மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். ஈ, ஜீ. ஈ, ஜீ. முள் எடுத்துக் கொடுத்தாளாம். உன்னால் எஃப் வாசிக்க முடியாது என்று அவர் மைக்கில் சொன்னார், நான் தாளில் சொல்லியிருக்கிறேன். பக்கம் முழுக்க, அழகான கையெழுத்தில். இதற்கு அவள் என்ன பதில் எழுதுவாள்?

உட்கார்ந்து அழிப்பானை எடுத்தாள். தாவல்களை எல்லாம் அழித்தாள், தாள் கசங்கி ஓரிடத்தில் கிழிந்தேவிட்டது. மெட்டை ஈயில் கொண்டுவந்து நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, எஃப்பில் ஏற்றினாள், மூன்றாவது தந்தியில்தான், அது ஓலமிடுகிற இடத்தில்தான். மேலே என்ன எழுதுவது? இதற்குக் குறியீடு கிடையாது. வில்லுக்கு உண்டு, விரலுக்கு உண்டு, எவ்வளவு மெல்ல எவ்வளவு உரக்க என்பதற்கு இத்தாலியிலிருந்து வார்த்தைகள் வந்திருக்கின்றன, முழங்காலுக்கு ஒருவரும் எதுவும் எழுதிவைக்கவில்லை. தமிழில் எழுதினாள். முழங்கால் விலக்கி; ஊளை வரட்டும். அடுத்த கோட்டில், அதே சுரத்தின்மேல், முழங்கால் சேர்த்து, அமரட்டும். மறுபடி விலக்கி. மறுபடி சேர்த்து. சத்தம் வருவதும் அடங்குவதும் வாசிக்கிறவள் சொல்படி, வேறு யார் சொல்படியும் இல்லை. கடைசிச் சுரமும் எஃப்தான், அதன்மேல் எதுவும் எழுதவில்லை, எப்படி முடிப்பது என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும். பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். கூடவே ஏதாவது எழுத விரல் பரபரத்தது, மன்னிப்பு, காரணம், இரண்டு பத்தி, மூன்று பத்தி, எவ்வளவு வேண்டுமானாலும் எழுத அவளுக்கு வரும். எழுதவில்லை. கைபேசியை நாற்காலிக் காலடியில் வைத்து ஒலிப்பதிவை அழுத்திவிட்டுச் செலோவை மறுபடி மடிக்கு இழுத்தாள், இம்முறை காலை நன்றாக அகட்டி. எஃப். முழங்காலை விலக்கினாள், ஊளை. சேர்த்தாள். விலக்கினாள். வயலின்காரியின் கேவலமான இழுப்பு, ஆனாலும் தெளிவாகக் கேட்டது. சேர்த்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் அதை அனுப்பினாள். ஒரு கோடு, இரண்டு கோடு. சாம்பல் நிறம். வெளியே ரயில் வளைவில் திரும்பியது, மித்ராவின் இடது முழங்கால் தன்னால் உள்ளே அழுந்தியது, சத்தம் அடங்கியது, ரயில் போய்விட்டதால்தான் அடங்கியது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும். காவலாளி வந்து பூட்ட வேண்டுமே பாப்பா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம்ணா என்றதும் போனார். கோடுகள் நீலமாயின. நீலமாகவே இருந்தன. இதற்கு முன்பும் நீலமாகத்தான் இருந்தன. அவள் அங்கே என்ன செய்கிறாள்? ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாளா, மறுபடி கேட்கிறாளா, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா? நான் அவள் முழங்காலைத் தாளில் எழுதிவிட்டேனே, துறைக்கூட்டத்தின் மேசைக்கும் என் தாளுக்கும் என்ன வித்தியாசம், இருக்கிறது, இதில் அவள் கையில் வில் இருக்கிறது, ஆனால் அவள் அப்படி நினைக்காவிட்டால்? விசிறி முனகியது. மித்ரா எழுந்து அதை நிறுத்தப் போனபோது தரையில் கைபேசி அதிர்ந்தது. குரல் பதிவு. அழுத்தினாள். முதலில் யாரோ மிக்ஸி ஓட்டுகிற சத்தம், அதை நிறுத்தச் சொல்லி ஓர் அதட்டல், கதவு சாத்துகிற ஓசை. அப்புறம் பெனிட்டா.

"ஏட்டி, கேட்டேன். உன் இழுப்பைக் கேட்டு டைகரே செத்துருவான். வாசிக்கேன். அந்தக் கடைசி எஃப்புக்கு ஒரு வில்லு காணாது, நடுவுல ஒருவாட்டி திருப்பணும், அதை நான் பார்த்துக்கிடுதேன். வியாழக்கிழமை ரயில்ல வாரேன். சேலை கொண்டுவர மாட்டேன். அந்த ஆளை முன்வரிசையிலயே உக்காரச் சொல்லு. நான் காலை நல்லா அகட்டிதான் உக்காருவேன்."